சிலிகாவின் புது வாய்

மணல் மூடிய முகத்துவாரத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் வெட்டினார்கள். மீன் திரும்பியது. கூடவே பழைய வழக்கும் திரும்பியது.

சென்னையிலிருந்து ஹௌரா போகும் ரயில் பிரம்மபூரைத் தாண்டிய சிறிது நேரத்தில், பகல் வேளையாக இருந்தால், வலது பக்க ஜன்னல்களில் கூட்டம் கூடிவிடும். மேல் பெர்த்தில் தூங்குபவரைத் தட்டி எழுப்பிக் காட்டுவார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர், நடுவே தீவுகள், பாய் விரித்த படகுகள். கடலா என்று ஒருவர் கேட்க, ஏரி என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. ரம்பா, கல்லிகோட், பாலுகாவ் என்று ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகக் கழிய, சிலிகா விட்டு விட்டுக் கூடவே வருகிறது. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்கு மட்டும் இந்தக் கொடுப்பினை இல்லை. அந்த வண்டி இப்பகுதியை இரவில் கடந்துவிடுகிறது.

ஒடிசாவின் பூரி, குர்தா, கஞ்சாம் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் சிலிகாவுக்கு நிரந்தரமான அளவு கிடையாது. மழைக்காலத்தில் 1,165 சதுர கிலோ மீட்டர், கோடையில் சுமார் 906. வற்றிய நிலையிலும் சென்னை மாநகராட்சிப் பரப்பைப் போல இரண்டு மடங்கு. ஆனால் ஆழம்தான் இல்லை. பல இடங்களில் படகோட்டி இறங்கி நின்றால் தண்ணீர் மார்பைத் தாண்டாது. துடுப்பைவிடக் கழிதான் இங்கே அதிகம் வேலை செய்கிறது.

வடக்கே மகாநதியின் கிளைகளான தயா, பார்கவி போன்றவை நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மேற்கு மலைகளிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட சிற்றாறுகளும் ஓடைகளும் வந்து சேர்கின்றன. கிழக்கே வங்கக் கடல். கடலுக்கும் ஏரிக்கும் இடையே நீண்ட மணல் திட்டு. அந்தத் திட்டில் ஒரு வாய். அதன் வழியே ஏற்றத்தில் கடல் உள்ளே வருகிறது, வற்றத்தில் ஏரி வெளியே போகிறது. மழைக்காலத்தில் வட பகுதி கிட்டத்தட்டக் குடிநீர் ஆகிவிடும். கோடையில் கடலோரப் பகுதி உப்புக் கரிக்கும். ஒரே ஏரிக்குள் நன்னீர் மீன், உவர்நீர் மீன், கடல் மீன் மூன்றுக்கும் இடம் இருப்பது இதனால்தான்.

சிலிகாவின் கதை முழுவதும் அந்த வாயின் கதை.

மடவை, கொடுவா, வரி இறால், சேற்று நண்டு என்று சிலிகாவில் நல்ல விலைக்குப் போகும் எல்லாமே அநேகமாக இரண்டு வீடு உள்ள பிராணிகள். கடலில் பிறந்து, குஞ்சாக ஏரிக்குள் வந்து, தின்று கொழுத்து, முட்டையிட மறுபடி கடலுக்குப் போகின்றன. வாய் அடைத்துக்கொண்டால் குஞ்சு உள்ளே வராது. உள்ளே இருக்கும் தாயும் வெளியே போக முடியாது. ஏரியில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருக்கும். வலையில் மட்டும் ஒன்றும் இருக்காது.

அதுதான் நடந்தது. ஒடிசாக் கரையோரமாகக் கடல் நீரோட்டம் ஓயாமல் மணலை வடகிழக்காகத் தள்ளிக்கொண்டே போகிறது. மணல் திட்டு அந்தத் திசையில் நீள நீள, வாயும் தள்ளித் தள்ளிப் போனது. ஏரியின் உடலிலிருந்து மகர்முக் என்ற இடத்தில் பிரியும் கால்வாய், கடலைத் தேடிக் கரைக்கு இணையாக வெகுதூரம் ஓடி, அரக்ககுடா கிராமத்தருகே போய்ச் சேர வேண்டியதாயிற்று. ஏற்றத்தின் வேகம் அவ்வளவு தூரம் தாங்கவில்லை. இன்னொரு பக்கம் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டின. மேற்கு மலைகளில் காடு அழிய அழிய மண்ணும் கூடவே இறங்கி வந்தது. வண்டலைக் கடலுக்குத் தள்ளிவிடும் வலு கால்வாய்க்கு இல்லை. அது ஏரியிலேயே படிந்தது.

உப்பு குறைந்தது. உப்பு குறைந்த இடத்தில் ஆகாயத்தாமரையும் நாணலும் நீர்ப்பாசிகளும் ஏறிக்கொண்டன. வட பகுதியில் படகு போன வழியெல்லாம் பச்சைப் பாய். 1980களின் நடுவில் ஆண்டுக்கு எட்டாயிரம் டன்னுக்கு மேல் கிடைத்துக்கொண்டிருந்த மீன், 1995-96ல் 1,300 டன்னுக்குள் சுருங்கிவிட்டது. ஏரியை நம்பி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மீனவ கிராமங்கள், சுமார் இரண்டு லட்சம் பேர். வலையை வைத்துவிட்டு வேலை தேடி வெளியூருக்கு ரயில் ஏறியவர்கள் அநேகம்.

இத்தனைக்கும் சிலிகா சாதாரண ஏரி அல்ல. ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம் என்று இந்தியா 1981ல் முதன்முதலாகப் பட்டியலிட்ட இரண்டில் ஒன்று. மற்றது பரத்பூரின் கேவலாதேவ். பட்டியலில் சேர்த்ததால் ஏரி பிழைத்துவிடுமா என்ன? பன்னிரண்டே ஆண்டில், 1993ல், ஆபத்தில் இருக்கும் ஈரநிலங்களுக்கான மாண்ட்ரூ பதிவேட்டில் சிலிகாவின் பெயர் ஏறியது. நோயாளியை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியதைப் போல.

வைத்தியம் பார்க்கத்தான் 1991ல் மாநில அரசு சிலிகா வளர்ச்சி ஆணையத்தை அமைத்தது. அரசு ஆணையங்கள் பொதுவாகக் கட்டடம் கட்டும், ஜீப் வாங்கும், அறிக்கை போடும். இந்த ஆணையம் கொஞ்சம் வித்தியாசமாக, முதலில் ஏரியைப் புரிந்துகொள்ள முயன்றது. புனேயில் உள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையமும் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் நீரோட்டத்தையும் மணல் நகர்வையும் ஆராய்ந்தன. பழைய வாயைத் தூர்வாரிப் பயனில்லை, அது மறுபடி அடைக்கும். மணல் திட்டில் ஏரிக்குப் பக்கமாகப் புது வாய் வெட்ட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். இடம், சிபகுடா கிராமத்துக்கு எதிரே. முதலில் மகர்முக் வரை வண்டலை அள்ளி வழி விட்டார்கள். பிறகு 2000 செப்டம்பர் 23ம் தேதி மணல் திட்டு வெட்டப்பட்டது.

கடலுக்குப் போகும் பாதையில் 18 கிலோ மீட்டர் ஒரே நாளில் குறைந்தது. இயந்திரங்கள் வெட்டியது ஆரம்பத்தைத்தான். வழி கிடைத்ததும் மீதியை அலைகளும் நீரோட்டமும் பார்த்துக்கொண்டன.

பலன் இவ்வளவு சீக்கிரம் தெரியும் என்று திட்டம் போட்டவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 1999-2000ல் சுமார் 1,700 டன்னாக இருந்த மீன் வரத்து, அடுத்த ஆண்டே ஐயாயிரம் டன்னை நெருங்கியது. அதற்கடுத்த ஆண்டு, 2001-02ல், கிட்டத்தட்ட 12,000 டன். உப்பு ஏறியதும் நன்னீர்க் களைகள் பல இடங்களில் மடிந்தன. கடற்புல் பரவியது. சில ஆண்டுகளாகக் கண்ணில் படாத மீன் வகைகள் வலையில் விழத் தொடங்கின. 2002ல் மாண்ட்ரூ பதிவேட்டிலிருந்து சிலிகாவின் பெயர் நீக்கப்பட்டது. அதே ஆண்டு சிலிகா வளர்ச்சி ஆணையத்துக்கு ராம்சார் விருதும் கிடைத்தது. இந்தியாவில் ஒரு நீர்நிலை கெட்டுப்போன கதைகளே அதிகம். கெட்டது திருந்திய கதைகள் அபூர்வம். சும்மா சொல்லக் கூடாது, சிலிகா அந்த அபூர்வங்களில் முதல் வரிசை.

ஆனால் விருதுச் சான்றிதழில் எழுதாத இன்னொரு அத்தியாயம் உண்டு. அது தண்ணீரைப் பற்றியது அல்ல, தண்ணீர் யாருடையது என்பதைப் பற்றியது.

சிலிகாவில் மீன் பிடிப்பது பரம்பரைத் தொழில் மட்டுமல்ல, பரம்பரை ஏற்பாடும் கூட. கேவுட்டர்கள் வலை வீசுவார்கள். கண்டராக்கள் இறாலுக்குப் பொறி வைப்பார்கள். தியராக்களுக்கு மூங்கில் பொறி. தெலுங்கு பேசும் நோலியாக்கள் கடல் முகத்தில் இழுவலை போடுவார்கள். யார் எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எந்தக் கருவியால் என்பது எழுதாத சட்டம். பாரிகுட், கல்லிகோட் போன்ற சமஸ்தானங்கள் இருந்த காலத்தில் குத்தகைப் பணம் அரண்மனைக்குப் போயிற்று. ஜமீன் ஒழிந்த பிறகு அரசு, மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகை கொடுத்தது. குறைகள் இருந்தாலும் ஏரி மீனவரிடம்தான் இருந்தது.

அதைக் கெடுத்தது இறாலின் விலை. 1980களில் ஜப்பானும் அமெரிக்காவும் வரி இறாலுக்குக் கொடுத்த டாலர், கரையில் இருந்த எல்லோருடைய கண்ணையும் ஏரியின் பக்கம் திருப்பியது. வலையையே தொட்டறியாத மேல்சாதி நிலச்சுவான்தார்களும் நகரத்து வியாபாரிகளும் ஆழமற்ற இடங்களில் மூங்கில் நட்டு, நைலான் வலை சுற்றி, சில இடங்களில் மண்கரையும் எழுப்பி, இறால் வளர்க்கத் தொடங்கினார்கள். இந்த அடைப்புக்குக் 'கெரி' என்று பெயர். ஏரிக்குள்ளேயே வேலி போட்ட பங்களா மனை மாதிரி. குஞ்சுகள் வந்து தங்கும் ஓரத் தண்ணீர் முழுவதும் வேலிக்குள் போனது. நீரோட்டம் தடைப்பட்டது. ஓட்டம் நின்ற இடத்தில் வண்டல் படிந்தது. கொசுவலை போன்ற 'ஜீரோ' வலைகள் கண்ணுக்குத் தெரியாத குஞ்சையும் விடவில்லை. 1991ல் மாநில அரசின் புதிய குத்தகைக் கொள்கை, மீன் பிடிப்பதையும் மீன் வளர்ப்பதையும் தனித்தனியாகப் பிரித்து, மீனவரல்லாதவருக்கும் ஏரியில் கதவு திறந்துவிட்டது.

அதற்குள் பெரிய மீன் ஒன்றும் ஏரிக்கரைக்கு வந்திருந்தது. டாடா நிறுவனமும் மாநில அரசும் கூட்டாக ஒரு பெரிய இறால் பண்ணைத் திட்டம் தீட்டின. உத்கல் பல்கலைக்கழக மாணவர்கள் கிராமம் கிராமமாகப் போய் விஷயத்தை விளக்கினார்கள். மீனவர் மகாசங்கம் அணி திரண்டது. 'சிலிகாவைக் காப்பாற்று' இயக்கம் பிறந்தது. முன்னாள் அமைச்சர் பாங்கா பிகாரி தாஸ் போன்றவர்கள் துணை நின்றார்கள். 1990களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. கம்பெனி போயிற்று. கெரிக்காரர்கள் போகவில்லை.

இந்த இடத்தில் தமிழ்நாடு கதைக்குள் வருகிறது. தஞ்சை, நாகை வயல்களை இறால் பண்ணைகள் உப்பாக்குவதைக் கண்டு கொதித்த சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன், 1994ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். நில மீட்புப் போராட்டங்களில் மனைவி கிருஷ்ணம்மாளோடு ஆயுளைச் செலவிட்டவர் அவர். 1996 டிசம்பர் 11ம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. சிலிகா, பழவேற்காடு இரண்டையும் பெயர் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் பண்ணை இருக்கக் கூடாது என்றது. காவிரிக் கடைமடையில் தொடங்கிய வழக்கு மகாநதி மீனவர் கையில் ஆயுதமாயிற்று.

தீர்ப்பு காகிதத்தில் இருந்தது, கெரி தண்ணீரில் இருந்தது. சீராய்வு மனுக்களால் தீர்ப்பின் அமலாக்கம் நின்றுபோயிற்று. அரசு அகற்றும் என்று காத்திருந்து சலித்த மீனவர்கள் 1999 மே 29ம் தேதி தாங்களே படகுகளில் போய்க் கெரிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அன்று இரவு சொரணா கிராமத்துக்குள் போலீஸ் நுழைந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஒடிசாவைச் சூறையாடிய பெரும் புயலை நாடு முழுவதும் நினைவு வைத்திருக்கிறது. சொரணாவை ஏரிக்கரைதான் நினைவு வைத்திருக்கிறது.

ஆக, புது வாய் வெட்டியபோது சொரணாவின் ரத்தம் காய்ந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. மீன் பல மடங்கு பெருகியது உண்மை. ஆனால் மீன் பெருகினால் வேலி போட ஆசையும் பெருகும் என்பதை எந்த ஆராய்ச்சி நிலையமும் கணக்கில் எடுக்கவில்லை. அதைக் கணக்கெடுப்பது அவர்கள் வேலையும் இல்லை. நன்றாகிவிட்ட ஏரியில் கெரிகள் முன்னைவிட உற்சாகமாக முளைத்தன. 2005ல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், நாடெங்கும் இறால் பண்ணைகள் பதிவு செய்துகொண்டு நடப்பதற்கு வழி செய்தது. சிலிகாவுக்குள் இறால் வளர்ப்பு கூடாது என்பது அரசின் கொள்கைதான். உயர் நீதிமன்றமும் அவ்வப்போது கண்டிக்க, அதிகாரிகள் போலீஸ் படையோடு இயந்திரங்களைக் கொண்டுபோய் ஏக்கர் கணக்கில் கெரிகளைப் பிடுங்குகிறார்கள். படை திரும்பியதும் மூங்கில்கள் திரும்புகின்றன. மூங்கில் மலிவு, இறால் விலை அதிகம். இந்தக் கணக்கை மாற்ற இதுவரை யாரும் வழி காணவில்லை.

மீனவர்கள் எல்லோரும் புனிதர்கள் என்பதும் இல்லை. குத்தகை எடுத்த சங்கமே கடன் தொல்லையில் அதைக் கெரிக்காரருக்கு உள்குத்தகை விடுவதுண்டு. வலைக்கும் படகு இன்ஜினுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரி, பிடித்த மீனுக்குத் தானே விலை வைப்பதும் உண்டு. ஏரியில் உப்பின் அளவை அளக்கக் கருவி இருக்கிறது. கடனின் அளவை அளக்க இல்லை.

ஏரியின் வடகரையில், டாங்கிக்கு அருகே, மங்களாஜோடி என்ற ஊரில் கதை வேறு விதமாகத் திரும்பியிருக்கிறது. நாணலும் சதுப்புமாக இருக்கும் இந்தப் பகுதி, குளிர்காலப் பறவைகளுக்குச் சொர்க்கம். வேட்டைக்காரர்களுக்கும் சொர்க்கமாக இருந்தது. துப்பாக்கி, விஷம், வலை என்று எல்லா வழியிலும் வாத்துகளைப் பிடித்துச் சந்தையில் விற்பது ஊருக்கே தொழில். 1990களின் இறுதியில் பறவைகள் வெறும் சில ஆயிரமாகக் குறைந்துவிட்டன. ஒடிசாவின் இயற்கை ஆர்வலர்கள் சிலர் இந்த வேட்டைக்காரர்களோடு பேசிப் பேசி, 2000ல் மகாவீர் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தை அவர்களைக் கொண்டே அமைத்தார்கள். பறவையின் பழக்கவழக்கம் வேட்டைக்காரனைவிட யாருக்குத் தெரியும்? அதே ஆட்கள் இன்று கழி ஊன்றும் சிறு படகுகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு, ஊசிவால் வாத்தையும் கருவால் மூக்கனையும் சத்தமில்லாமல் பக்கத்தில் போய்க் காட்டுகிறார்கள். இன்ஜின் படகுக்கு இங்கே அனுமதி இல்லை. பறவைகள் இப்போது லட்சக் கணக்கில் வருகின்றன. படகுக்கு இரண்டு முழம் தூரத்தில் மேயும் பறவை, எழுந்து பறக்கச் சோம்பல்படுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது.

ஏரி முழுவதும் சேர்த்து ஜனவரிக் கணக்கெடுப்பில் பறவைகள் 11 லட்சத்தைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. சைபீரியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் காஸ்பியன் கரையிலிருந்தும் வருபவை. ஏரி நடுவே நளபனா என்றொரு தீவு, 15 சதுர கிலோ மீட்டர், பறவைச் சரணாலயம். மழைக்காலத்தில் தீவே இருக்காது, தண்ணீருக்குள் முங்கிவிடும். குளிர் தொடங்கி நீர் வடிய வடியச் சேறு தலைகாட்ட, பூநாரைகளும் வரித்தலை வாத்துகளும் வந்து இறங்கும்.

சத்பாடாவில் ஆரவாரம் வேறு. பூரியிலிருந்து சுமார் 50 கிலோ மீட்டரில் உள்ள இந்தப் படகுத்துறைக்கு ஜகந்நாதரைத் தரிசித்த கையோடு பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். டால்பின் பார்க்க. ஐராவதி டால்பின் என்று பெயர், ஆனால் அறிவியல் உலகுக்கு இதன் முதல் மாதிரி கிடைத்தது பர்மாவில் அல்ல, நம் விசாகப்பட்டினத் துறைமுகத்தில். நீண்ட மூக்கு இல்லாத, உருண்டைத் தலைப் பிராணி. குதித்துச் சாகசம் செய்யாது. முதுகைக் காட்டும், மூச்சு விடும், மறையும். சிலிகாவில் அண்மைக் கணக்கெடுப்புகளில் 150க்குச் சற்று முன்பின்னாகக் காணப்பட்டவை இவை. கால்வாயின் போக்குவரத்து சீராகி, கெரிகள் அகற்றப்பட்ட இடங்களில் டால்பின்கள் பரவலாக நடமாடுகின்றன. அவற்றைத் துரத்துவது இப்போது சுற்றுலாப் படகுகள். ஒரு முதுகு தெரிந்தால் எட்டுப் படகுகள் இன்ஜின் அலற ஓடி வருகின்றன. தள்ளி நில்லுங்கள், இன்ஜினை நிறுத்துங்கள் என்று ஆணையம் விதி போட்டிருக்கிறது. கொடுத்த காசுக்கு டால்பின் பார்க்காமல் போக மாட்டேன் என்று பயணி அடம் பிடிக்கும்போது, பாவம் படகோட்டி விதியைப் பார்ப்பாரா, பிழைப்பைப் பார்ப்பாரா?

பாலுகாவிலிருந்தும் பர்குல்லிலிருந்தும் படகு ஏறுபவர்கள் போவது காளிஜாய் தீவுக்கு. கல்யாணமான ஜாய் என்ற சிறு பெண்ணை அவள் அப்பா, ஏரிக்குள் இருக்கும் புகுந்த வீட்டுக்குப் படகில் அழைத்துப் போனார். நடுவழியில் சூறை. படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் கரையேறினார்கள், பெண்ணைக் காணவில்லை. அவள் குரல் மட்டும் ஒரு பாறைத் தீவிலிருந்து கேட்டதாம். அந்தத் தீவில் அவளே காளிஜாயாகக் கோயில் கொண்டாள். நம் வீடுகளில் பொங்கல் பொங்கும் நாளில், மகர சங்கராந்திக்கு, அங்கே பெரிய மேளா. எந்தப் படகோட்டியும் தீவைக் கடக்கும்போது ஒரு கும்பிடு போடாமல் போவதில்லை. ஆழமில்லாத ஏரிதானே என்று அலட்சியமாக நினைப்பவர்கள், சிலிகாவில் காற்று கிளம்பும்போது படகில் இருந்திராதவர்கள்.

காற்று கிளம்பினால் ஏரியின் வடிவமே மாறுவதும் உண்டு. வெட்டித் திறந்த புது வாய், வெட்டிய இடத்திலேயே நிற்கவில்லை. மணல் தள்ளும் வேலையைக் கடல் நிறுத்தவில்லை, எனவே அதுவும் வடகிழக்காக நகர்ந்தது. 2008ல் கடலே கபகுண்டா அருகே தானாக இன்னொரு வாயைத் திறந்தது. 2013 அக்டோபரில் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரை கடந்தபோதும், 2019 மே 3ம் தேதி பானி புயல் பூரி அருகே கரை கடந்தபோதும் மணல் திட்டு பல இடங்களில் உடைந்தது. பானிக்குப் பிறகு மட்டும் நான்கு புதிய வாய்கள். ஒரு வாய் போதாமல் செத்துக்கொண்டிருந்த ஏரிக்கு, இப்போது வாய்கள் அதிகமாகி உப்பு கூடிவிடுமோ என்ற கவலை. சில மாதங்களில் மணல் அவற்றில் சிலவற்றை மூடுகிறது, ஆணையம் அளவெடுக்கிறது. இன்னொரு பக்கம் மகாநதியின் தண்ணீருக்கும் போட்டி. மேலே ஹிராகுட், கீழே நராஜ் தடுப்பணை. எவ்வளவு நன்னீர் எப்போது ஏரிக்கு வந்து சேர வேண்டும் என்பதைப் பாசனமும் வெள்ளத் தடுப்பும் ஏரியும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மூன்றில் வாய் இல்லாதது ஏரிதான்.

சிலிகாவுக்குச் சொன்ன வைத்தியம் நம் பழவேற்காட்டுக்கும் பொருந்தும் என்று சொல்லக் கேட்கலாம். அங்கும் முகத்துவாரம் மணலால் அடைவதும், மீனவர்கள் மனுக் கொடுப்பதும், தூர்வாருவதும், மறுபடி அடைவதும் பழைய கதை. நோய் ஒன்றுதான், ஆனால் உடம்பு வேறு. பழவேற்காட்டுக்கு மகாநதி போன்ற ஆறு இல்லை; ஆரணியும் காளங்கியும் மழைக்கு ஓடி வெயிலுக்கு வற்றுபவை. ஏரியும் ஆந்திரம், தமிழ்நாடு என்று இரண்டு மாநிலங்களில் கிடக்கிறது. சிலிகாவுக்கு இருப்பது போல முழு ஏரிக்கும் பொறுப்பான ஒரே ஆணையம் அங்கே இல்லை. சிபகுடாவில் வெட்டியதை அப்படியே எடுத்துப்போய் அங்கே ஒட்டிவிட முடியாது.

சிலிகாவில் என்னென்ன இருக்கின்றன என்று முதலில் உட்கார்ந்து எண்ணியவர் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் முதல் இயக்குநர் நெல்சன் அன்னன்டேல். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அவர் தன் சகாக்களோடு இங்கே சல்லடை போட்டுத் தேடினார். ரம்பாவுக்கு எதிரே பர்குடா என்ற சிறு தீவில் காலே இல்லாத ஓர் அரணையைக் கண்டு, 1917ல் அதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். தீவின் பெயரிலேயே அது பர்குடியா ஆயிற்று. இன்று அதே தீவு சுற்றுலாக் கையேட்டில் ஹனிமூன் தீவு. படம் எடுக்க வரும் தம்பதிகளின் காலடியில், மண்ணுக்குள் எங்கோ அந்த அரணை.

காலையில் பாலுகாவ் மீன் சந்தையில் ஏரியின் உடல்நிலை எடை போட்டுத் தெரிகிறது. இரவெல்லாம் ஏரியில் கிடந்த படகுகள் வந்து ஒதுங்குகின்றன. கூடைகளில் மடவை, கொடுவா, இறால். நண்டுகளைக் கொடுக்கு அசையாமல் கயிற்றால் கட்டிச் சாக்கில் போடுகிறார்கள். ஏலக்காரரின் குரல் உயர்கிறது. ஐஸ் உடைக்கும் சத்தம். நல்லதெல்லாம் பெட்டியில் ஏறி கல்கத்தாவுக்கும் அதற்கு அப்பாலும் போக, உள்ளூர்ச் சந்தைக்கு மிச்சம். முன்பணம் கொடுத்தவர்கள் கணக்கு நோட்டோடு ஓரமாக நிற்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் தண்ணீரில், காலை வெயில் பட்டு, மூங்கில் நுனிகள் வரிசையாகத் தெரிகின்றன. சில மீனவரின் பொறிகளுக்காக நட்டவை. சில கெரிகளுடையவை. கரையில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. படகில் இருப்பவருக்குத் தெரியும்.